எந்த லென்ஸ் வாங்கலாம்? எங்கே நின்று எடுப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். மிரர்லெஸ் கேமரா வாங்கியாயிற்று, கூடவே வந்த கிட் லென்ஸ் போதவில்லை, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, அடுத்து எது? வேலூரில் ஸ்டூடியோ நடத்திக்கொண்டு லென்ஸ் வாடகைக்கும் விடுகிறவன் என்பதால் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எஃப் 1.8 நல்லதா, 1.4 நல்லதா என்பதில் ஆரம்பிப்பார்கள் (இந்த எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும்). நான் திருப்பிக் கேட்பது வேறு: எதை எடுக்கப் போகிறீர்கள், அதிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க முடியும்? இதற்குப் பதில் வந்துவிட்டால் பாதி லென்ஸ்கள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

கேள்வி: கேனான் ஆர்50 வாங்கியிருக்கிறேன். கூட வந்தது 18-45 லென்ஸ். அக்காவுக்கு வளைகாப்பு வருகிறது, வீட்டிலேயேதான் செய்கிறோம். ராத்திரி வீட்டுக்குள் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எல்லோரும் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு என்கிறார்கள். இருபதாயிரம் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா அண்ணா?
– செவிலியர் படிப்பு மாணவி, காகிதப்பட்டறை

பதில்: உங்கள் கூடம் எத்தனை அடி நீளம், தங்கச்சி? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பத்தடி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காகிதப்பட்டறையில் நான் போய்ப் படம் எடுத்த வீடுகள் பெரும்பாலும் அந்த அளவுதான்.

முதலில் உங்கள் நண்பர்கள் பக்கம் இருக்கிற நியாயம். கிட் லென்ஸை 45 மி.மீ.-க்கு இழுத்தால் (மி.மீ. எண் ஏற ஏற பொருள் பெரிதாகத் தெரியும், ஃப்ரேமில் அடங்கும் அகலம் குறையும்) அதன் வாய் எஃப் 6.3 வரைதான் திறக்கும். 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் சுமார் 12 மடங்கு அதிக வெளிச்சம். அதாவது இப்போது ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதன் எண்; ஏற ஏற புள்ளி கூடும்) 6400 வைத்து எடுக்கிற படத்தை 500-ஐ ஒட்டி வைத்து எடுக்கலாம். அந்தப் புள்ளிகள் போய்விடும். கேனான் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று, எடை 160 கிராம்தான், உங்கள் பணத்துக்குள் அடங்கிவிடும். ஆக அவர்கள் சொன்னது தப்பில்லை.

ஆனால் ஆர்50-இல் இருப்பது சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு), அதனால் ஃப்ரேமில் அடங்கும் அகலம் குறையும். அதில் 50 மி.மீ. போட்டால், நிற்கிற ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும், நீங்கள் 14 அடி பின்னால் போக வேண்டும். பத்தடிக் கூடத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாலும், கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் எதிரே நாலரை அடி அகலம்தான் ஃப்ரேமுக்குள் வரும். வளைகாப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா நடுவில் நாற்காலியில், இந்தப் பக்கம் அத்தை சந்தனம் பூசுகிறார், அந்தப் பக்கம் பெரியம்மா வளையல் அடுக்குகிறார், பின்னால் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். 50-ஐப் போட்டால் அக்கா இருப்பார், பெரியம்மாவின் கை மட்டும் இருக்கும். அந்தப் படத்தைப் பெரியம்மாவிடம் காட்டிப் பாருங்கள், தெரியும்.

பணம் செலவழிக்காமல் ஒரு சோதனை செய்யலாம். கிட் லென்ஸை 45-இல் நிறுத்தி, ஜூம் வளையத்தில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க வீட்டு ஆட்களை அதிலேயே எடுங்கள். மறுநாள் 28-இல் ஒட்டி எடுங்கள். எந்த நாளில் முதுகு சுவரில் இடித்தது, எந்த நாளில் போதும் போதும் என்று இருந்தது என்பதைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். ஏற்கெனவே எடுத்த படங்களின் விவரத்தைத் திறந்தாலும் எந்த எண்ணில் எடுத்தீர்கள் என்று காட்டும். பெரும்பாலும் 18, 20 என்றே இருந்தால் உங்களுக்கு வேண்டியது 50 அல்ல.

28 என்று தேறினால், ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 என்று தட்டையான ஒரு லென்ஸ் இருக்கிறது. அதே பத்தடியில் எட்டடி அகலம் பிடிக்கும். 1.8 அளவுக்கு வெளிச்சம் வாங்காது, விலையும் 50-ஐவிட அதிகம். சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 இப்போது கேனான் ஆர்எஃப் மவுண்டிலும் (லென்ஸ் மாட்டுகிற வாய்) வந்துவிட்டது. வீட்டுக்குள் எடுப்பதற்கு அதுதான் என் முதல் தேர்வு. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் சேர்க்க வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை: 50-ஐ வாங்குங்கள், ஆனால் வளைகாப்பின் கூட்டப் படங்களை அதில் எடுக்காதீர்கள். வளைகாப்பு பகலில்தானே? அக்காவின் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வாசல் கதவைத் திறந்து வையுங்கள். அந்த வெளிச்சத்தில் கிட் லென்ஸே 18-இலிருந்து 28 வரை ஒழுங்காக எடுக்கும். 50-ஐ அக்காவின் முகத்துக்கும், சந்தனம் பூசிய கன்னத்துக்கும், வளையல் அடுக்கிய கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் குழந்தை பிறந்ததும் அந்த லென்ஸ்தான் கேமராவை விட்டு இறங்காது.

அப்புறம் இரண்டு விஷயம். நாலடி தூரத்தில் 1.8 வைத்து எடுத்தால் துல்லியமாக இருக்கும் ஆழம் நாலு சென்டிமீட்டர்தான். இரண்டு முகம் வந்தால் 2.8, மூன்று முகம் வந்தால் 4 என்று எஃப் எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆர்50-இன் உடம்பிலும் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, 50-இலும் இல்லை. ஷட்டரை நூறில் ஒரு பங்கு நொடியைவிட மெதுவாக வைக்க வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் வரி வரியாக விழுவதும் அந்த வேகத்தில் குறையும். எலெக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் வீட்டுக்குள் போடாதீர்கள்.

கேனானின் பழைய ரகக் கேமராக்களுக்கு வந்த இஎஃப் 50-ஐ, நடுவில் மாட்டுகிற அடாப்டர் வளையம் போட்டு வாங்கு என்று யாராவது சொன்னால், அடாப்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இஎஃப் லென்ஸ் கிடக்கிறவர்களுக்குத்தான் அது லாபம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் தை, மாசியில் மாடு விடும் விழா ஊருக்கு ஊர் நடக்கும். என்னிடம் நிக்கான் இசட்50, 16-50 லென்ஸ். காளை ஓடிவரும்போது எடுத்தால் எறும்பு மாதிரி தெரிகிறது. மாமா ஒருவர் தன் பழைய ஏஎஃப் 70-300 லென்ஸைத் தருகிறேன், அதை இசட்50-இல் மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: மாமாவின் லென்ஸில் ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் ‘ஏஎஃப்’ என்றால் அந்த லென்ஸுக்குள் ஃபோகஸைத் திருப்புகிற மோட்டார் கிடையாது. பழைய டி90 மாதிரியான கேமராக்களில் உடம்பில் இருக்கிற மோட்டார் அதைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. போட்டால் மாட்டும், படமும் விழும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருக வேண்டும். ஓடுகிற காளைக்குக் கையால் ஃபோகஸ் செய்வேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

உங்களுக்கு ஏற்றது இசட் டிஎக்ஸ் 50-250. எஃப் 4.5-6.3, இருட்டான லென்ஸ்தான். கல்யாண மண்டபத்துக்கு இதைக் கொண்டுபோகாதே என்று சொல்வேன். ஆனால் மாடு விடும் விழா காலையிலிருந்து மதியம் வரை கொளுத்துகிற வெயிலில். வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் எஃப் 2.8-க்கு லட்சக்கணக்கில் கொடுப்பது வீண்.

தூரக் கணக்கு இதோ. காளை ஃப்ரேமின் பாதி அகலத்தை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 16-50-இன் 50 முனையில் அதற்கு நீங்கள் 28 அடியில் நிற்க வேண்டும். 250-இல் 140 அடியில் நிற்கலாம். குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடுகிற காளைக்குத்தான் பரிசு என்பதால் அது யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காது. 28 அடியை அது கடக்கிற நேரத்தில் நீங்கள் கண்ணிலிருந்து கேமராவை இறக்கக்கூட முடியாது. ஆகவே இந்த லென்ஸை நான் சொல்வது படத்துக்காக மட்டுமல்ல. தடுப்புக் கட்டைக்கு வெளியே, முடிந்தால் ஒரு மாடி வீட்டின் மேல் நின்று எடுங்கள். ஓடுபாதை வளைகிற இடமோ, முடிவெல்லைக்கு நேரெதிரோ கிடைத்தால் காளை உங்களை நோக்கி வரும், முகமும் கொம்பில் கட்டிய துணியும் தெரியும். பக்கவாட்டில் நின்றால் வயிறுதான் தெரியும்.

ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, முடிந்தால் இரண்டாயிரத்தில் ஒன்று. லென்ஸில் விஆர் (ஆட்டம் தாங்கும் வசதி) இருக்கிறதே என்று ஷட்டரைக் குறைக்காதீர்கள். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், மாட்டை நிறுத்தாது. ஃபோகஸை ஏஎஃப்-சி-யில் வையுங்கள், ஓடுகிறதை விடாமல் பின்தொடரும்.

முக்கியமானது புழுதி. மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராக வெளியே தெரியும். அந்தப் புழுதியில் லென்ஸ் மாற்றினால் அதற்கப்புறம் எடுக்கிற ஒவ்வொரு வானத்திலும் கறுப்புப் புள்ளி இருக்கும். வீட்டிலேயே 50-250-ஐ மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், வீட்டுக்கு வந்துதான் கழற்ற வேண்டும். கூட்டத்தைப் படமெடுக்க செல்போன் போதும்.

கேள்வி: ஆரணியில் பட்டுப்புடவை நெய்கிற குடும்பம் எங்களுடையது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறோம். முந்தியில் இருக்கிற ஜரிகை வேலை கிட்டத்தில் தெரிய வேண்டும். சோனி இசட்வி-இ10, 16-50 லென்ஸ் இருக்கிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கினால்தான் ஆகுமா?
– இல்லத்தரசி, ஆரணி

பதில்: வேண்டாம் அம்மா. புடவை ஓடாது, சிணுங்காது, எத்தனை நேரம் வேண்டுமானாலும் அசையாமல் இருக்கும். அப்படிப்பட்ட பொருளுக்குப் புது லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கிப் பாருங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். சோனிக்கு 10 மி.மீ., 16 மி.மீ. என்று ஜோடியாகக் கிடைக்கும். மேக்ரோ லென்ஸின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். வளையத்தின் உள் விளிம்பில் பித்தளை நிறத்தில் சின்னச் சின்னத் தொடுபுள்ளிகள் இருக்க வேண்டும். அது இல்லாத மொட்டை வளையம் இன்னும் மலிவு, ஆனால் உங்கள் 16-50 மின்சாரத்தில் ஜூம் ஆகிற லென்ஸ். தொடுபுள்ளி இல்லாவிட்டால் ஜூமும் நகராது, ஃபோகஸும் ஆகாது.

லென்ஸை 50-இல் வைத்து 16 மி.மீ. வளையத்தை மாட்டினால், நாலைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு படம் முழுக்க நிரம்பும். ஒரு புட்டாவில் ஜரிகை இழை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று எண்ணிவிடலாம். லென்ஸின் முகப்பு துணிக்கு ரொம்பப் பக்கத்தில் போகும் என்பதால் நிழல் விழும். அதனால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில், துணியை உரசிக்கொண்டு போகிற மாதிரி புடவையை வையுங்கள். ஜரிகை மினுங்குவது அந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான். நேர் வெளிச்சத்தில் எந்த ஜரிகையும் மஞ்சள் நூலாகத்தான் தெரியும். ட்ரைபாடில் வைத்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு நொடி டைமர். கையால் பட்டனை அமுக்கிவிட்டு ஆடாது என்று நம்ப வேண்டாம்.

முழுப் புடவையைத் தொங்கவிட்டு எடுக்கும்போது 16-இல் வைக்காதீர்கள், நேரான பார்டர் வளைந்து தெரியும். அறையில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ போய், 35-க்கு மேல் வைத்து எடுங்கள்.

உங்கள் தொழிலுக்கு லென்ஸைவிடப் பெரிய பிரச்சினை நிறம். படத்தில் அரக்கு, கைக்கு வந்தது மெரூன் என்று புடவை திரும்பி வந்தால் அது லென்ஸின் குற்றமில்லை. அறையில் எரிகிற டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் எந்தக் கேமராவும் குழம்பும். புடவை இருக்கிற இடத்திலேயே வெள்ளைத் தாளை வைத்து, வெள்ளை இதுதான் என்று கேமராவுக்குக் காட்டுகிற கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டு, அப்புறம் புடவையை வையுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் கையால் ஃபோகஸ் செய்கிற செவன் ஆர்டிசன்ஸ் 60 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோவைப் பாருங்கள். சோனியின் 30 மி.மீ. மேக்ரோ நல்ல லென்ஸ்தான், ஆனால் அதன் முழு வேலையையும் வாங்க, முகப்பைத் துணியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே வெளிச்சம் எப்படி நுழையும்?

சில குட்டிக் கேள்விகள்.

ஸ்ரீபுரம் தங்கக் கோயிலை எடுக்க எந்த லென்ஸ்? – எதுவும் வேண்டாம். உள்ளே கேமராவுக்கும் செல்போனுக்கும் அனுமதி இல்லை. கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்கு? – கிட் லென்ஸின் 16 அல்லது 18 முனையே போதும். தூண்கள் நெருக்கமாக இருப்பதால் பின்னால் போக இடமில்லை, அதனால்தான் அகலம் வேண்டும். யாளியின் பல்லையும் வீரன் முகத்தையும் தனியாக எடுக்க 45, 50. கல் ஓடாது, எஃப் 8-இல் நிதானமாக எடுக்கலாம். ட்ரைபாட் விரிக்க வேண்டுமென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும், தொல்லியல் துறைச் சின்னம்.

லென்ஸ் வாங்கும்போது கடையில் யூவி ஃபில்டரும் சேர்த்துக் கட்டுகிறார்களே? – மாடு விடும் விழாப் புழுதிக்கு மாட்டுங்கள். மற்றபடி மலிவு ஃபில்டர் ராத்திரி விளக்குகளைப் படத்தில் இன்னொரு இடத்தில் பச்சையாகக் காட்டும். அந்தக் காசுக்கு லென்ஸ் முகப்பில் மாட்டுகிற மறைப்பு, அதாவது லென்ஸ் ஹுட் வாங்குங்கள். கீழே இடித்தாலும் அது தாங்கும்.

கேள்வி: அப்பா ஆற்காட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பீரோவில் ஃபிலிம் காலத்து நிக்கான் 50 எஃப் 1.8, 135 எஃப் 2.8 இரண்டும் இருக்கின்றன. என்னிடம் சோனி ஏ6000. இவை வேலை செய்யுமா, இல்லை ஷோகேஸில்தான் வைக்க வேண்டுமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேலை செய்யும். நிக்கான் ஃபிலிம் கேமராவில் லென்ஸ் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் 46.5 மி.மீ. தூரம், அதற்குள்தான் முகம் பார்க்கிற மாதிரியான கண்ணாடி (மிரர்) மேலும் கீழும் ஆடும். சோனியில் அந்தக் கண்ணாடியே இல்லை என்பதால் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டும். மிச்சமிருக்கிற இடைவெளியை ஒரு உலோக வளையம் நிரப்பிவிட்டால் போதும். நிக்கான்-எஃப் டு சோனி-இ அடாப்டர் என்று கேளுங்கள். லென்ஸில் எஃப் எண்ணைத் திருகுகிற வளையம் இருக்கிற ரகம் என்பதால் சாதாரண அடாப்டரே சரி.

மாட்டியதும் ஷட்டர் அமுங்காது. பயந்து கழற்றிவிடாதீர்கள். லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். ஃபோகஸ் பீக்கிங்கையும் ஆன் செய்தால், துல்லியமாக இருக்கிற விளிம்புகள் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மின்னும். 135-ஐக் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் இருநூறில் ஒரு பங்கு நொடியைவிட வேகமாக இருக்கட்டும், அதற்கு எந்த ஆட்டம் தாங்கியும் உதவிக்கு வராது.

இதற்கெல்லாம் முன்னால், இருட்டறையில் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலையாகவோ, வேர் விட்ட மாதிரியோ வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் எதிர் வெளிச்சத்தில் படம் பால் கலந்த மாதிரி வெளுக்கும். பிரித்துச் சுத்தம் செய்கிற கூலி, அதே மாதிரி இன்னொரு பழைய லென்ஸின் விலையைத் தாண்டிவிடலாம், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சித்திரை வெயிலில் நம் பக்கத்தில் பூஞ்சை வளராது என்று நம்புகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை மறந்துவிடுகிறார்கள். தோல் உறையிலும் துணி மூட்டையிலும் வைத்த லென்ஸ்கள்தான் முதலில் கெடும். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை வாணலியில் லேசாகச் சூடாக்கிக்கொள்ளலாம், அதற்கென்று ஒரு பழைய வாணலி இருக்கட்டும். பூஞ்சை பிடித்ததை நல்ல லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஆலங்காயத்தில் இருக்கிறோம். ஜவ்வாது மலைப் பக்கம் வானம் நல்ல இருட்டு. பால்வெளியை எடுக்க ஆசை. சோனி ஏ6400, 16-50. எந்த லென்ஸ்?
– பள்ளி ஆசிரியர், ஆலங்காயம்

பதில்: காவலூர் வானாய்வகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்! அங்கே இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். நான் சொல்லப்போகிற லென்ஸின் துளை 6 மில்லிமீட்டர். அதுவே போதும்.

சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2, கையால் ஃபோகஸ் செய்கிற ரகம். ஆட்டோஃபோகஸ் கிடையாது, அதனால்தான் விலை குறைவு. நட்சத்திரத்துக்கு ஆட்டோஃபோகஸ் எதற்கு? எடுக்கிற பொருள் எல்லாமே ஒரே தூரத்தில் இருக்கிற மாதிரிதான். உங்கள் கிட் லென்ஸ் 16-இல் எஃப் 3.5. அதைவிட இது மூன்று மடங்கு வெளிச்சம் வாங்கும். பழையதாகக் கிடைத்தாலும் தைரியமாக வாங்கலாம், உள்ளே கெட்டுப்போக மோட்டார் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் கிட் லென்ஸிலேயே எடுத்துப் பாருங்கள். ட்ரைபாட், 16 மி.மீ., எஃப் 3.5, 15 நொடி, ஐ.எஸ்.ஓ. 6400. பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி ஆகச் சிறியதாகத் தெரிகிற வரை ஃபோகஸைத் திருகுங்கள். இந்தக் கிட் லென்ஸ் அணைத்துப் போட்டால் ஃபோகஸை மறந்துவிடும், மறுபடி செய்ய வேண்டியிருக்கும். 12 மி.மீ. என்றால் ஒரு தடவை ஃபோகஸ் பிடித்து வளையத்தில் டேப் ஒட்டிவிடலாம். பங்குனியிலிருந்து வைகாசி வரை, அமாவாசையை ஒட்டி, பின்னிரவில் தென்கிழக்கே பாருங்கள். வானாய்வகத்துப் பக்கம் வண்டி ஹெட்லைட்டை மலையை நோக்கி எரியவிடாதீர்கள். காட்டுக்குள் இறங்காமல் ஊரை ஒட்டிய வெட்டவெளியிலேயே நிற்கலாம், வானம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேள்வி: கல்யாண ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். சோனி ஏ6400. ஐம்பதாயிரம் இருக்கிறது. சிக்மா 30 எஃப் 1.4, 56 எஃப் 1.4 என்று இரண்டு பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வாங்கவா? அல்லது சிக்மா 18-50 எஃப் 2.8 ஒன்றே போதுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் உங்களுக்கு என்ன இடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வீடியோக்காரர், இன்னொரு பக்கம் மாப்பிள்ளையின் நண்பர்கள் செல்போனோடு, நடுவில் ஐயர், ஹோமப் புகை. நீங்கள் நிற்கிற சதுர அடியிலிருந்து நகர முடியாது. கெட்டிமேளம் கேட்டபிறகு 56-ஐக் கழற்றி 30-ஐ மாட்டுகிறேன் என்றால் அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். 18-50 வாங்குங்கள். நின்ற இடத்திலேயே மேடை முழுவதும் வரும், ஒரு திருகலில் முகமும் வரும். எடை முந்நூறு கிராமுக்கும் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. அதிலும் ஆட்டம் தாங்கி இல்லை, ஏ6400-இன் உடம்பிலும் இல்லை. கையில் பிடித்து வீடியோ எடுப்பீர்கள் என்றால் டாம்ரான் 17-70 எஃப் 2.8-இல் அந்த வசதி உண்டு, ஆனால் எடை அரைக் கிலோவைத் தாண்டும், விலையும் கூடுதல். மண்டபத்து வெளிச்சத்துக்கு 2.8 போதாத நேரமும் வரும். அதற்கு ஒரு ஃப்ளாஷ் வாங்கி வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புவது, இன்னொரு லென்ஸைவிடச் செலவு குறைவு. 56 எஃப் 1.4 அருமையான லென்ஸ்தான், முதல்நாள் ரிசப்ஷனில் பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்கிற படத்துக்கு. அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வாடகையை ஆர்டரிலேயே சேர்த்துவிடலாம். மூன்று நாலு ஆர்டரில் தொடர்ந்து வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் அப்போது வாங்குங்கள். வாடகைக்கு விடுகிற நானே சொல்கிறேன்.

செகண்ட்ஹேண்டில் பார்ப்பதாக இருந்தால் டார்ச் சோதனையோடு இன்னும் சில. மவுண்டில் இருக்கிற ஸ்க்ரூத் தலைகள் கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஃபில்டர் மாட்டுகிற விளிம்பு நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது. உங்கள் கேமராவையே எடுத்துப்போய் 18-இலும் 50-இலும் ஒரு செங்கல் சுவரை எஃப் 2.8-இல் எடுத்து, வலது ஓரமும் இடது ஓரமும் ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். புதிதாகவே வாங்கினால் பில்லில் இருக்கிற சீரியல் எண்ணும் லென்ஸில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், வாரண்டி அட்டை இந்தியாவுக்கானதாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் நாலாயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிறவரிடம் வாங்கி, ஆறாவது மாதம் மோட்டார் நின்றுபோய் என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. சர்வீஸ் சென்டரில் அவர்களிடம் முதலில் கேட்டதே அந்தப் பில்லைத்தான்.